வெறும் தட்டில் விழுந்த பவுடர்

அன்புத் தங்கைக்கு,

நீ செய்யும் முகப்பவுடரில் புற்றுநோய் தரும் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருக்கலாம், வெர்மான்ட் சந்தையில் விற்காதே என்று நான் கத்தி ஓராண்டாகிறது. அன்று நீ கொடுத்த டப்பாவை இந்த வியாழன் வரை நான் திறக்கவே இல்லை.

இங்கே சோதனைக்கூடத்தில், எதுவும் வைக்காத ஒரு தட்டையும் நுண்ணோக்கியில் பார்ப்போம். அது சுத்தமாக இருந்தால்தான் மற்ற தட்டுகளை நம்பலாம். அந்த வியாழக்கிழமை அதில் தூள் கிடந்தது. உடன் வேலை பார்க்கும் லொரெய்ன் என் கன்னத்தைப் பார்த்தாள்.

"ஏம்மா, பவுடர் போட்டுட்டு வராதீங்கன்னு எங்களத் திட்டுறவளே நீதானே?"

அன்று உன் பிறந்தநாள்; காலையில் உன் டப்பாவைத் திறந்து கொஞ்சம் பூசிக்கொண்டு வந்திருந்தேன்.

"சரி, விழுந்தது விழுந்துடுச்சு. என்னன்னுதான் பாரேன்," என்றாள்.

டப்பாவிலிருந்தும் எடுத்து மூன்று நாள் பார்த்தேன். எல்லாம் தட்டையான செதில்கள். ஆஸ்பெஸ்டாஸ் என்று சொல்ல ஊசி மாதிரி ஓர் இழைகூட இல்லை. லொரெய்னுக்கு இரண்டு டப்பா வேண்டுமாம்.

எனக்கும் ஒன்று அனுப்பு. இருந்ததையெல்லாம் சோதித்தே தீர்த்துவிட்டேன்.

உன் அக்கா