மண்டப வாசலோடு நிறுத்தப்படும் தப்புக் குழுவுக்கு மேடை கோருதல்

அனுப்புநர்:
ம. ஜீவராணி,
தலைவி, பெண்கள் தப்புக் குழு,
ஆத்துமேட்டுத் தோட்டம், மஸ்கெலியா.

பெறுநர்:
கலாசார உத்தியோகத்தர் அவர்கள்,
பிரதேச செயலகம்.

பொருள்: எமது குழுவைக் கலைஞர்களாகப் பதிவு செய்தல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. மார்ச் மாதக் கலை விழாவில் பிரதம விருந்தினரை வரவேற்கத் தப்புடன் வருமாறு தாங்கள் அனுப்பிய அழைப்பு கிடைத்தது. நன்றி. அதற்குப் பதிலாகவே இம்மனுவை எழுதுகிறேன்.

2. நாங்கள் எட்டுப் பெண்கள். வேலை நாளில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் தப்பு அடிக்கிறோம். பெண்கள் இதைக் கையில் எடுத்தபோது, சாவு வீட்டுக் கருவி என்று எங்கள் லயக் குடியிருப்பிலேயே முகம் சுளித்தார்கள். இன்று அவர்களே தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிடுகிறார்கள்.

3. சென்ற வருட விழாவில் விருந்தினரைப் பாதையிலிருந்து அடித்து அழைத்து வந்தோம். மண்டப வாசலில் எங்களைக் கைகாட்டி நிறுத்தினார்கள். தூறலில் தப்பின் தோல் தளர்ந்துவிட்டது. காய்ச்சுவதற்கு நெருப்பு மூட்டவும் காவலாளி விடவில்லை. உள்ளே, கொழும்பிலிருந்து கட்டணம் பேசி அழைத்த குழுவினர் கூடை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கும் நடனம் ஆடினார்கள். கொழுந்து பறிக்கும் நாங்கள் அதை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். நன்றாகத்தான் ஆடினார்கள், அவர்கள்மேல் கோபமில்லை. தங்கள் அலுவலகத்தின்மேல்தான் கோபம், ஐயா. எங்களுக்குச் சோற்றுப் பார்சலும் சான்றிதழும் கிடைத்தன.

4. பிறகு கலைஞர்களாகப் பதிய விண்ணப்பித்தோம். தப்பு வரவேற்பு ஏற்பாடே தவிர கலைப் பிரிவில் சேராது என்று பதில் வந்தது. பதிவில்லாத குழுவுக்குக் கட்டணம் தர முடியாதென்று பாடசாலைகளும் ஹோட்டல்களும் கைவிரிக்கின்றன. கண்டிய நடனமும் பரதமும் இருக்கும் பட்டியலில் தப்புக்கும் இடம் கேட்கிறோம். யாருடைய இடத்தையும் பறிக்கக் கேட்கவில்லை.

5. எங்களில் கெட்டிக்காரி சர்மிளா. அவளுக்குக் கொழும்புத் துணிக்கடையில் வேலை சரிவந்திருக்கிறது. "எல்லாரும் கை தட்டுறாங்க அக்கா, வீட்டுச் செலவுக்கு அது போதுமா? இங்கயே வருமானம் வந்தா நா ஏன் போறேன்?" என்று கேட்டாள். ஏப்ரலில் போய்விடுவாள். அவள் போனால் மற்றவர்களையும் நிறுத்திவைக்க என்னால் முடியாது. எங்களுக்கு உடை தைக்கும் ஹட்டன் ஸஹ்லாவும் எங்களை நம்பித்தான் புது மெஷின் வாங்கியிருக்கிறார்.

6. ஆகவே, விழாவுக்கு முன் எங்களைக் கலைஞர்களாகப் பதிந்து, மேடையில் நேரமும் மற்றக் குழுக்களுக்குரிய அதே கட்டணமும் எழுத்தில் தந்துதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தந்தால், பாதையிலிருந்து அடித்துக்கொண்டே வந்து மேடை ஏறுவோம். தராவிட்டாலும் எட்டுப் பேரும் வருவோம், தப்பு வராது. உள்ளே உட்கார்ந்து நிகழ்ச்சி பார்ப்போம். விருந்தினர் சத்தமில்லாமல்தான் நடந்து வர வேண்டியிருக்கும். அவர் காரணம் கேட்டால், தயவுசெய்து தாங்களே சொல்லிவிடுங்கள்.

இடம்: மஸ்கெலியா
திகதி: 12.02.2025

எட்டுப் பேரின் சம்மதத்துடன்,
ம. ஜீவராணி