நாற்பது நாள் கையெழுத்து

என் வீட்டுக்காரிக்கு,

நானே என் கையால் எழுதுவது. கண் மங்கல் எப்படி இருக்கிறது? மகளை நிதானமாகப் படிக்கச் சொல். ஒவ்வொரு எழுத்துக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

யாத்திரைக்காரர்களுக்குச் சமைக்கப் பஸ்ஸோடு வந்தவன், வழியில் ஒரு சின்ன மடத்து ஊரில் மாட்டிக்கொண்டேன். பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. மடத்து வாசலில் எல்லோரும் ஒரு நோட்டில் பெயர் எழுத முண்டியடித்தார்கள். பக்கத்து நோட்டு காலியாகக் கிடந்தது. அறுபத்தெட்டு வருஷம் கைநாட்டு வைத்துவிட்டு இப்போதுதான் எழுதக் கற்றவனுக்குக் கை சும்மா இருக்குமா? மேலே எழுதியிருந்ததைப் படிக்காமல் பெரிதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாற்பது நாள் மடத்து அடுப்படியில் தொண்டு செய்ய நேர்ந்துகொள்கிறவர்களின் நோட்டாம் அது!

"வெள்ளைத் தாளைக் கண்டா விடமாட்டீங்களே தாத்தா!" என்று சிரித்துவிட்டு டிரைவர் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மடத்துப் பெரியவர் நல்லவர். "யாரும் உங்களக் கட்டிப் போடல. உங்க பேர நீங்களே அடிச்சிட்டுக் கிளம்புங்க" என்கிறார். மூன்று நாளாகப் பேனாவை எடுக்கிறேன், வைக்கிறேன். முதியோர் பள்ளிக்கு வெளியே நான் போட்ட முதல் கையெழுத்தாயிற்றே. சுற்றிலும் மலை, நடுவில் அடுப்பு. பெரியவரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் மௌன விரதம். நான் பருப்போடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

முழங்கால் தைலமும் என் பழைய போர்வையும் அனுப்பு. இல்லை, அனுப்பாதே. உன் கண் ஆபரேஷனுக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. கட்டுப் பிரிக்கும்போது எதிரே நிற்பேன் என்று சொன்னவன் நான். தபால் பையைக் கட்டுகிறார்கள். இதை ஒட்டிக் கொடுத்துவிட்டு நேரே போய் அந்தப் பெயரை அடிக்கிறேன். நன்றாகத்தான் விழுந்திருந்தது, போகட்டும். என் கையெழுத்தை நீ இன்னும் பார்த்ததே இல்லையே.

உன் வீட்டுக்காரன்