அசைபோடாத மாடுகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் உடம்பளவில் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்றுதான் நம்புகிறேன். மனசு சுகமா என்று மட்டும் கேட்காதே, உன் கடிதம் வந்ததிலிருந்து வீடு வீடாக இல்லை.

என்ன காரியம் செய்துவிட்டாய்டி! மாடுகளின் மனநிலையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன், அப்பா வேலை பார்க்கிற பால் பண்ணையில் ஒரு கேமரா மாட்டச் சொல்லுங்கள் என்றாய். அவரே ஏணி போட்டு ஏறி மாட்டினார். நான் உள்ள போனா அத்தனை மாடும் எப்படி கப்சிப்புன்னு எழுந்து நிக்குதுன்னு என் பொண்ணு பார்க்கட்டும், அவ வாத்தியாருங்களும் பார்க்கட்டும் என்று பண்ணை முழுக்கச் சொல்லித் திரிந்தார். நீயோ பட்டென்று போட்டு உடைத்துவிட்டாய். அது மரியாதை இல்லையாம், பயமாம். அவர் நுழைந்ததும் அசைபோடுவது நின்றுவிடுகிறது, கண்ணில் வெள்ளை தெரிகிறது, காது விறைக்கிறது, ஊசி போடும்போதெல்லாம் கயிற்றை இழுத்துத் தலையைப் பிடிப்பவர் அவர் என்பதால் அவரைப் பார்த்தாலே அவற்றுக்கு ஊசி ஞாபகம் என்று எழுதியிருந்தாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொஞ்சம் பதமாக எழுதியிருக்கக் கூடாதா?

முதலில் குதிகுதியென்று குதித்தார். எங்கயோ உக்காந்துக்கிட்டு என் மாட்டுக்கு இவ ஜாதகம் எழுதறாளா என்று கத்தினார். அப்புறம் நீ அனுப்பிய வீடியோவைப் போடச் சொல்லி நின்றபடியே பார்த்தார். தரை கழுவ வருகிறவள், அதுதான் எல்லோரும் ரேடியோ என்பார்களே, அவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு போகிறாள், ஒரு மாடாவது அசரணுமே, படுத்தபடி மென்றுகொண்டிருக்கின்றன. உன் அப்பாவின் செல்லம் மகாராணி எழுந்து கழுத்தை நீட்டி அவள் தோளை நக்குகிறது. அடுத்து கதவு திறக்கிறது, இவர் நுழைகிறார். அவ்வளவுதான், படுத்திருந்ததெல்லாம் எழுந்துகொண்டன, கொட்டகை முழுக்கத் தாடைகள் நின்றுவிட்டன, மகாராணி பின்வாங்கிப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. ஐயோ, அதைப் பார்த்து அவர் முகம் செத்துப்போனது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. என்னையாடி பார்த்துப் பயப்படுது, கன்னுக்குட்டியிலேருந்து தூக்கி வளர்த்தேனே என்று என்னைக் கேட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, மறுநாளே முதலாளியிடம் போய் நின்று ஊசி போடுவதைக் கொட்டகைக்கு வெளியே தனித் தடுப்புக்கு மாற்ற வைத்துவிட்டார். தலையைப் பிடிக்கவும் இனி வேறு ஆள். இவர் கை நிறையப் புல்லோடு போய், வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி இருக்காரும்மா என்று ரேடியோ என்னிடம் சொல்லிச் சிரிக்கிறாள். மகாராணி இன்னும் கிட்டே வரவில்லை.

ஆனால் இதற்காக நான் எழுத உட்காரவில்லை. நேற்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டில் கை வைத்தபடியே, நான் வீட்டுக்குள்ள வந்தா நம்ம பொண்ணும் பேச்ச நிறுத்திட்டு எழுந்து நிப்பாளே, அது என்ன என்று கேட்டார். சேச்சே, அது மரியாதைங்க என்று சொல்ல வாயெடுத்தேன், உன் முகம் கண் முன்னால் வந்து நின்றது. வாசலில் அவர் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள் டக்கென்று நிறுத்துவாய். என்ன அடக்கமான பொண்ணு என்று எத்தனை பேர் வாயாரச் சொல்லியிருக்கிறார்கள், நானும் பூரித்துப் போயிருக்கிறேனே! அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது, அவளையே கேட்டு எழுது, மாட்டுக்கு எழுதின மாதிரியே உள்ளத உள்ளபடி சொல்லட்டும் என்றார்.

அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நீ நூறு வருஷம் நன்றாக இருக்கணும். பதிலை எனக்குப் போடாதே, மறக்காமல் அவர் பெயருக்கே போடு. இன்று காலையிலிருந்தே தபால்காரர் வந்துவிட்டாரா என்று வாசலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் இன்னும் கடிதத்தை முடிக்கவே இல்லை என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா