வளையலில் சுற்றிய கறுப்பு நாடா

என் அன்புப் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம், மனசளவில் எனக்குக் கொஞ்ச நாளாகவே சுகமில்லை. நீ சௌக்கியமா என்று இதை நான் வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன், உன் பதில் வருகிறவரை எனக்குத் தொண்டையில் எதுவும் இறங்காது. தினம் போனில் பேசுகிறவள் திடீரென்று எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். காரணம் கடைசித் தாளில் இருக்கிறது, ஆனால் இப்போதே அங்கே தாவிவிடாதே, கதைப் புத்தகத்தை முடிவிலிருந்து படிக்கிற புத்தி உனக்கு. உங்கள் வொர்க்‌ஷாப்புக்கு வருகிற மாடி வீட்டு டீச்சரிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன், அவர் காலேஜிலிருந்து அவரைத்தான் அனுப்புகிறார்களாம். அவர் கொண்டுவரும் பையில் உனக்குச் சட்டைத்துணி இரண்டும், அப்பா கொடுத்த ஒரு சாமானும் இருக்கும், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வீட்டுச் சமாசாரம் முதலில். அப்பாவின் கடையில் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவதற்குப் பழைய மோட்டார்கள் வாசல்வரை குவிந்து கிடக்கின்றன, இடுப்பு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே குனிந்து குனிந்து தூக்குகிறார், சொன்னால் கேட்கிற ஜென்மமா அது. ஊர் மோட்டாரையெல்லாம் ஓட வைக்கிறவருக்கு நம் வீட்டுக் குளியலறைக் குழாய் சொட்டுவது மட்டும் கண்ணில் படாது. கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் என் பெண் வெளிநாட்டு ஆட்களுக்கு வொர்க்‌ஷாப் நடத்துகிறாள் என்று பீற்றிக்கொண்டிருக்கிறார். ஒருத்தர் பைக்குக்கா காருக்கா என்று கேட்டுவிட்டாராம். அப்பாவுக்கு வந்ததே ரோஷம், அவரை உட்கார வைத்து, சாதாரண கேமரா பொருளின் முகத்தை மட்டும்தான் பிடிக்கும், ஹாலோகிராபி என்றால் ஒளி வந்த வழியையே பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு கம்ப்யூட்டர் அதைத் திருப்பிப் போட்டால் பொருள் ஆழத்தோடு எழுந்து நிற்கும் என்று நீ எங்களுக்குச் சொன்னதை ஒன்றுவிடாமல் ஒப்பித்திருக்கிறார். வந்த மனுஷர் மோட்டாரை நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று ஓடியே போய்விட்டாராம். எனக்குக் கண் ஆஸ்பத்திரியில் அதே கவுண்டர்தான், அதே நாற்காலிதான், காலையிலிருந்து சாயங்காலம்வரை கண்ணில் பஞ்சு ஒட்டினவர்களுக்கும் சுவரைத் தடவிக்கொண்டு வருகிறவர்களுக்கும் சீட்டு போட்டுக் கொடுக்கிறேன். இத்தனை வருஷமாக அது எனக்கு வெறும் வேலை. இப்போது ஒவ்வொரு முகமும் உன் முகமாகத் தெரிகிறது.

ஏன் என்று சொல்கிறேன். போன வாரம் டீச்சர் கீழே இறங்கி வந்து, கையிலிருந்த மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, ஊருக்குப் போய்த் திரும்பி வரும்வரை பீரோவில் வைத்திருங்கள் அக்கா என்றார். திருட்டுப் பயமா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை, வொர்க்‌ஷாப்காரர்கள் எழுதியிருக்கிறார்கள் என்று சாதாரணமாகத்தான் சொன்னார். "லேசர் இருக்கிற ரூமுக்குள்ள பளபளன்னு எதுவும் போட்டுட்டுப் போகக்கூடாதாம் அக்கா, மோதிரம், வாட்ச், வளையல், எதுவுமே. ஒளி அதுல பட்டுத் திரும்பி நேரா கண்ணுக்குள்ள போயிடுமாம்." மோதிரத்தைப் பீரோவில் வைக்கப் போனவள் சாவியை உள்ளே வைத்தே பூட்டிவிட்டேன், அப்பா வந்து பின்பலகையைக் கழற்றித்தான் எடுத்தார்.

உன் கையில் கிடக்கிற வெள்ளி வளையல், நீ கிளம்புகிற அன்றைக்கு நான் இறுக்கிப் போட்டுவிட்டது. எந்தக் காரணம் கொண்டும் கழற்றக் கூடாது, கழற்றினால் எனக்கு என்னமோ போல் ஆகிவிடும் என்று வாசலில் நின்று அழுதேன், நீயும் சரிம்மா என்றாய். பிறகு ஒருநாள் வீடியோவில் பார்த்தால் வளையல் முழுக்கக் கறுப்பு நாடா சுற்றியிருந்தது. அடிபட்டதா என்று பதறினேன், இல்லைம்மா, சும்மா என்றாய். சும்மா யாராவது நல்ல வளையலுக்குக் கறுப்பு நாடா சுற்றுவார்களா, அம்மா கொடுத்ததைப் போட்டுக்கொள்ள அவ்வளவு கேவலமாக இருக்கிறதா என்று நான் ஆடித் தீர்த்துவிட்டேன். அடுத்த தடவை பேசும்போது நாடாவைப் பிரித்துவிட்டுக் கையை ஆட்டிக் காட்டினாய், போதுமா என்றாய். எனக்கு ஒரே சந்தோஷம். இப்போதுதான் புரிகிறது, என் அழுகைக்கும் உங்கள் ரூம் சட்டத்துக்கும் நடுவில் நீ கண்டுபிடித்து வைத்திருந்த வழி அந்த நாடா. ஏண்டி, அன்றைக்கே என்னிடம் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா. லேசர் பட்டால் ஆபத்தும்மா, வாயை மூடிக்கொண்டு இரு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே நாலு சுற்று சேர்த்துச் சுற்றச் சொல்லியிருப்பேனே.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் உன் லேப்பை எங்களுக்குக் காட்டினாய். இருட்டு ரூம், பெரிய இரும்பு மேஜை, அதில் குட்டிக் குட்டிக் கண்ணாடிகள், நடுவில் பச்சை ஒளி. போனை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு ஏதோ ஒரு கண்ணாடியைத் திருப்பக் கையை நீட்டினாய். கண்ணுக்கு ஒரு கண்ணாடி போட வேண்டும் என்பாயே, அது நெற்றியில் ஏறியிருந்தது, அதைப் போட்டால் ஒளியே தெரியாதும்மா, சரி பண்ணுகிற நேரத்துக்கு மட்டும் எடுத்துவிடுவோம் என்று நீயே சொன்னாய். நீ கையை நீட்டினதும் ஒரு பச்சைப் பொட்டு உத்தரத்தில் தாவி, சுவரில் இறங்கி, உன் கை அசைந்த பக்கமெல்லாம் ஓடியது. நான் அழகாக இருக்கிறது என்று கைதட்டினேன். கைதட்டினேன் பாப்பா. அடுத்த நொடி நீ முகத்தைத் திருப்பினாய், போன் குப்புற விழுந்தது, கை தவறிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டாய். அன்றிலிருந்து எப்போது பேசினாலும் முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து வலது கண்ணால்தான் என்னைப் பார்க்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை டம்ளரில் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று மேஜையில் ஊற்றினாய். தூக்கக் கலக்கம் என்றாய். நான் பெற்றவள், எனக்கு உன் தூக்கக் கலக்கம் தெரியாதா?

இதையெல்லாம் இப்போதுதான் கோர்த்துப் பார்த்தேன். எங்கள் பெரிய டாக்டரிடம், தெரிந்த பெண் ஒருத்திக்கு லேசர் கண்ணில் பட்டுவிட்டதாம் என்று சொல்லிக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தெரிந்த பெண் யார் என்று கேட்கவில்லை, நல்ல மனுஷர். "வலிக்காதும்மா. அதுதான் இதுல மோசம். வலிச்சா உடனே ஓடி வந்துடுவாங்க" என்றார். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை இன்னொன்று மறைத்துவிடுமாம், ஒரு கண்ணை மூடிப் பார்த்தால்தான் நடுவில் சாம்பல் திட்டு இருப்பதோ, நேர்கோடு நெளிவதோ தெரியுமாம். சிலருக்குத் தானாகக் கொஞ்சம் தெளியும், சிலருக்குத் தெளியாது, எதுவானாலும் தள்ளிப் போடாமல் டாக்டர் பார்க்க வேண்டும் என்றார். நான் கவுண்டருக்குத் திரும்பி வந்து ஒரு தாத்தாவின் சீட்டில் உன் வயதை எழுதிவிட்டேன்.

அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன், நினைவிருக்கிறதா? கண்ணுக்கு ஒன்றும் இல்லையே என்று மட்டும்தான் கேட்டேன். சாப்பிட்டாயா என்று என்னைத் திருப்பிக் கேட்டாய். அப்புறம், "வொர்க்‌ஷாப் முடியட்டும்மா" என்று சொல்லி வைத்துவிட்டாய். ஒன்றுமில்லை என்று நீ சொல்லியிருந்தால்கூட நான் பாதி நம்பியிருப்பேன். முடியட்டும் என்றாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. உன் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. பத்து நாட்டுக்காரர்கள் வருகிறார்கள், அவர்கள் முன்னால் உயிருள்ள செல்லைச் சாயம் போடாமல், தொடாமல் பெரிய திரையில் ஆழத்தோடு நிற்க வைக்கப் போகிறவள் நீ, அதைப் பார்த்துத்தான் உன்னை அங்கே மேலும் வைத்துக்கொள்வார்களா என்று முடிவாகும். கண்ணில் பட்டது என்று வாயைத் திறந்தால் ரூமைப் பூட்டி, விசாரித்து, நீ செய்து காட்ட வேண்டிய செய்முறையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறாய். உன் பயம் அது. என் பயம் வேறே. அந்த வேலை போனால் இன்னொரு வேலைக்கு எழுதிப் போடலாம், அப்பாவின் கடையில் காயில் கட்டினாலும் சோற்றுக்குப் பஞ்சமில்லை, கண்ணுக்கு எங்கே எழுதிப் போடுவது?

வளையலை இன்றைக்கே கழற்று. கழற்றினால் எனக்கு என்னமோ போல் ஆகும் என்றேனே, இப்போது அது உன் கையில் கிடப்பதை நினைத்தால்தான் என்னமோ போல் ஆகிறது. சோப்பைக் குழைத்து மணிக்கட்டில் தடவி, கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு மெதுவாக இழு. வராவிட்டால் என்ன செய்வாள் என்று நான் புலம்பியதைக் கேட்டு அப்பா எழுந்து போய், காயில் கம்பி வெட்டுகிற தன் குறட்டைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பழைய துணியில் சுற்றிக் கொடுத்தார். அதுதான் பையிலிருக்கிற சாமான். டீச்சர் அதைப் பார்த்து முழித்தார், பிறகு விமானத்தில் பெரிய பெட்டியில் போட்டால் விடுவார்கள் என்று வாங்கிக்கொண்டார். அந்தக் குறட்டைக் கடையில் யாரையும் தொடவிடாத மனுஷர் அவர். உனக்கு என்ன சொல்லி எழுத என்று கேட்டேன். "வெட்டிப் போடச் சொல்லு. வெள்ளிதானே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழாயைச் சரி பண்ணுகிறேன் என்று குளியலறைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது கடைசித் தாளுக்கு வா. அதில் அளவுகோல் வைத்துச் சின்னச் சின்னக் கட்டம் போட்டு நடுவில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன், டாக்டர் காட்டிக் கொடுத்தது. இதற்காகத்தான் போனை விட்டுவிட்டுத் தாளை எடுத்தேன், போனில் உன் குரல்தான் என் காதுக்கு வருகிறது, அந்தக் குரலுக்கு மழுப்பத் தெரியும். வெளிச்சத்தில் உட்கார்ந்து, வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, இடது கண்ணால் புள்ளியை மட்டும் பார். கோடெல்லாம் நேராக இருக்கிறதா, எங்கேயாவது நெளிகிறதா, கட்டம் ஏதாவது காணாமல் போகிறதா என்று பார். பிறகு என் கையெழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறேன், அதையும் அப்படியே இடது கண்ணால் படி. படிக்க முடிந்தால் உடனே போன் செய்து என் வயிற்றில் பாலை வார். முடியாவிட்டால், அல்லது கோடு ஒன்றே ஒன்று நெளிந்தாலும், எடுத்த வேலையை அப்படியே போட்டுவிட்டு டீச்சரைக் கூட்டிக்கொண்டு கண் டாக்டரிடம் போ, உன் பேராசிரியரிடம் நடந்ததைச் சொல். சொல்லிவிட்டால் அப்புறம் எது போனாலும் போகட்டும், நான் ஒரு வார்த்தை கோபிக்க மாட்டேன். கோடு நேராகவே இருந்தாலும் டாக்டரிடம் போகாமல் இருக்காதே, கட்டம் போட்டவள் சீட்டு போடுகிறவள்தான், டாக்டர் இல்லை.

நீ நல்லா இருக்கணும் பாப்பா, கண்ணும் கையும் காலும் முழுசாக நூறு வயசு வாழணும். செய்முறை நன்றாக நடக்கணும் என்றும் வேண்டிக்கொள்கிறேன், அது இரண்டாவதாகத்தான். நெற்றிக்கு ஏற்றின கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி வை. குறட்டைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவா, இல்லாவிட்டால் அப்பா என்னைத்தான் பிடுங்குவார்.

உன்னை நினைத்தே உட்கார்ந்திருக்கும்,
அம்மா

பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை செய்தபோது பார்த்தாயே, அந்த மாதிரி விரலிடுக்கு வழியாகப் பார்க்காதே கண்ணு, அம்மாவுக்குப் பயமாக இருக்கிறது.