யூட்டுக்கு நாங்கள் வைத்த சோதனை

மச்சான்,

இன்று ஞாயிறு மத்தியானம் இங்கே சிசிலியில், வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஒடுங்கிய ஒழுங்கையால் வந்துகொண்டிருந்தேன். மேல்மாடி வீடொன்றில் ஆட்டிறைச்சிக் கறி கொதிக்கும் வாசம் தெருவரைக்கும் வந்தது. கீழ்க் கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டு பொடியன்கள் பந்துப் பையோடு ஓடினார்கள். "சாப்பிட்டிட்டுப் போங்கோடா!" என்று மேலிருந்து தாய்க்காரி கத்தினாள். நான் தெரு நடுவில் நின்று தனியே சிரித்தேன். எதிரே வந்த இத்தாலியச் சின்யோரா ஒருத்தி என்னைக் கண்டு விலகிப் போனாள். அந்தச் சிரிப்பைப் பங்குபோட நீ இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. நீ போய் ஒரு மாரிதான் கழிந்திருக்கிறது, எனக்கு இன்னும் பழகவில்லை.

தொண்ணூறுகளில் நீ லிபெர்த்தாத் தெருவில் ஒரு கிழவரைப் பராமரித்துக்கொண்டிருந்தாய். நான் சில தெரு தள்ளி ஒரு டாக்டர் வீட்டில் சமையலும் துடைப்பும். வீட்டு வேலைக்காரருக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் ஓய்வு. எங்கள் சனம் கலியாணம் பேசுவது, கோயிலுக்குப் போவது, ஊருக்குப் போன் எடுப்பது எல்லாவற்றையும் அந்தப் பொழுதுகளுக்குள் அடைத்து முடிக்கும். நாங்கள் இரண்டு பேரும் மட்டும் மேல்வகுப்புப் படிக்கிற பொடியன்களைச் சேர்த்துக்கொண்டு பெல்லெக்ரினோ மலையடிவாரத்துப் புழுதியில் பந்தடிக்கப் போனோம். "உங்களுக்கு வேற வேலை இல்லையோ?" என்று என் மனைவி கேட்காத வியாழக்கிழமை இல்லை.

நீ மன்னார்க்காரன். மாதா கோயில் வளவில் பந்தடித்து வளர்ந்தவன். "யாழ்ப்பாணத்தானுக்குப் பந்தும் தெரியாது, பகிடியும் விளங்காது" என்று என்னைச் சீண்டுவாய். உன் கிழவர் நாற்காலியில் தூங்க, நீ தொலைக்காட்சியில் பந்தாட்ட வர்ணனை சொல்கிறவனோடு தமிழில் சண்டை பிடிப்பாயாம். கோல் விழுந்தால் கிழவர் திடுக்கிட்டு எழும்பி, யார் அடித்தது என்று உன்னிடம்தான் கேட்பாராம். அவ்வளவு அபிப்பிராயம் உள்ள மனிதனோடு நான் எப்படி இத்தனை வருடம் கொழுவிச் சண்டை பிடிக்காமல் இருப்பது?

எங்கள் கொழுவல் எல்லாம் ஒரே விசயத்தில்தான். எந்தப் பொடியன் நாளைக்கு உருப்படியான ஆட்டக்காரனாக வருவான்? நான் காலைப் பார்ப்பேன். வேகம் இருந்தால் மற்றதெல்லாம் தன்பாட்டில் வரும் என்பது என் கட்சி. ஆகவே என் ஆள் ரூபன், என் அக்காவின் மகன், காற்று மாதிரி ஓடுவான். நீ நெஞ்சைப் பார்ப்பாய். விழுந்தவன் எப்படி எழும்புகிறான் என்று பார்ப்பாய். உன் ஆள் கோல்காப்பாளன் அன்ரன், முழங்கை கிழிந்து இரத்தம் வந்தாலும் பந்தை விடான். யூட் என்று ஒருவன் இருந்தான், மெலிந்த, சத்தம் போடாத பொடியன். பதினொரு பேர் நிரம்பவேண்டும் என்பதற்காக அவனை ஒரு கரையில் நிறுத்தி வைத்திருந்தோம். அவனைப் பற்றி நாங்கள் கொழுவியதே இல்லை.

அப்படி ஒரு வருடம்தான் பக்கத்து ஊரான பகேரியாவிலிருந்து ஒரு மிஸ்டர் வருவதாகச் சொன்னார். இத்தாலியர் பந்துப் பயிற்சியாளரை மிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய இளைஞர் அணியில் ஒரேயொரு இடம் காலியாக இருந்தது. ஞாயிறு பின்னேரம் வந்து எங்கள் பொடியன்களின் ஆட்டத்தைப் பார்த்து ஒருவனை எடுப்பார். செய்தி பரவியதும் எங்கள் வீடுகளில் பெருநாள்தான்.

பெரிய காரியத்துக்குப் போகிற பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்புகிற தாய் எங்கள் சனத்தில் இருக்கிறாளா? ஒவ்வொரு வீட்டிலும் ஆட்டிறைச்சிக் கறி, சோறு, பருப்பு, பொரியல், கடைசியில் பாயாசம். அக்கா ரூபனுக்கு மூன்றாம் தரமும் போட்டாள். நான் பக்கத்தில் இருந்து, "வடிவாச் சாப்பிடடா, அப்பத்தான் பெலன் வரும்" என்று வேறு சொன்னேன். யூட்டின் தாய்க்கு மட்டும் அன்று சமைக்க முடியவில்லை. அவ வேலை செய்த வீட்டில் படுக்கையில் கிடந்த சின்யோராவைப் பார்க்க வேறு ஆள் இல்லாதபடியால் ஞாயிறு லீவும் போய்விட்டது. அவன் வழியில் பாணுக்குள் பனெல்லே வைத்து வாங்கித் தின்றுவிட்டு வந்தான், அந்தக் கடலைமா வடையை.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு நோகச் சிரிப்பு வருகிறது. விசில் ஊதிக் கொஞ்ச நேரத்தில் ரூபன் இடுப்பில் கை வைத்தான். அன்ரன் ஒரு பந்துக்குப் பாய்ந்தான், பந்தைப் பிடித்தான், பிறகு கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் வயிற்றில் இருந்ததையெல்லாம் சத்தியெடுத்தான். மற்றவர்கள் சினை மாடு மாதிரி அசைந்தார்கள். மிஸ்டர் உன்னிடம் வந்து, பிள்ளைகளுக்கு ஏதும் காய்ச்சலா என்று மெதுவாகக் கேட்டார். நீ பொடியன்களிடம் ஓடிப்போய், "என்னடா திண்டனீங்கள்?" என்று கேட்டாய். ஒவ்வொருவனாகச் சொல்லச் சொல்ல நீ தலையில் கை வைத்தாய்.

மிஸ்டர் யூட்டைக் காட்டினார். அவன் ஒருத்தன்தான் ஓடிக்கொண்டிருந்தான். அடுத்த ஞாயிறு பகேரியாவுக்குக் கூட்டிவரச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கத்தினேன். "வயிறு காய்ஞ்சவனையும் வயிறு முட்டினவனையும் ஒண்டா ஓடவிட்டு ஆளை எடுக்கிறதோ? மிஸ்டரிட்டைப் போய் உண்மையைச் சொல்லு!"

நீ என் தோளைப் பிடித்து நிறுத்தினாய். பிறகு சொன்னாய், "சொன்னா யூட்டின்ரை இடம் போயிடும். சொல்லாட்டி ரூபனுக்கு அநியாயம். அதை விடு, யூட் உண்மையா ஆடக்கூடியவன் இல்லையெண்டால் நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம் அவனைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். அந்த வயசிலை ஒருக்கா வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டால் பிறகு அவன் பந்தைத் தொடமாட்டான்."

யூட்டின் தாய் அவனைப் பின்னேரங்களில் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவ விட யோசித்துக்கொண்டிருந்ததும் எங்களுக்குத் தெரியும். இந்த இடம் கிடைத்தால் அந்தப் பேச்சை விடுவதாக அவ உனக்குச் சொல்லியிருந்தா. ஆகவே நாங்களே பார்த்து முடிவெடுப்பது என்று நீ சொன்னாய். எப்படிப் பார்ப்பது என்று நான் கேட்டேன். "வியாழக்கிழமை நான் சமைக்கிறன்" என்றாய்.

அந்த வியாழன் உன் சின்ன அறையில் நீ வைத்த ஆட்டிறைச்சிக் கறியை அதற்குப் பிறகு நான் எங்கும் சாப்பிடவில்லை. மற்றப் பொடியன்களுக்கு அரை வயிறு பாணோடு வரவேண்டும் என்று கட்டளை. யூட்டை மட்டும் பாயில் இருத்தி வைத்துச் சோறு போட்டாய். தாய் வேலைவீட்டிலேயே தங்கியிருந்ததால் பொடியன் நல்ல சோறு கண்டு நாளாகியிருந்தது. அவன் சாப்பிட்ட சந்தோசத்தைப் பார்க்க எனக்கே மனம் இளகியது. ஆனாலும் மருமகன் மருமகன்தானே? அகப்பையை நான் வாங்கி இன்னும் இரண்டு தரம் போட்டேன். "எடேய், ஆளைக் கொல்லப் போறியோ?" என்று நீ என் கையைப் பிடித்தாய்.

பிறகு விளையாட விட்டோம். ரூபன் பறந்தான். யூட் நடந்தான். "பாத்தியோ, பாத்தியோ!" என்று நான் உன் விலாவில் இடித்தேன். நீ கண்ணைச் சுருக்கிக்கொண்டு யூட்டையே பார்த்து நின்றாய்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எனக்கு விளங்கத் தொடங்கியது. யூட் பந்துக்குப் பின்னால் போகவில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தார் தட்டுகிற பந்தெல்லாம் அவன் காலடியில் வந்து விழுந்தது. விழுந்த பந்தை அவன் வைத்திருக்கவும் இல்லை, ஆள் இல்லாத வெளியைப் பார்த்துத் தட்டினான். அந்த வெளிக்கு ரூபன் வந்துசேர்ந்தான். அன்று ரூபன் அடித்த கோல் எல்லாம் யூட் கொடுத்த பந்து. அன்ரனே கோலுக்குள் நின்று கைதட்டினான்.

ஆட்டம் முடிய ரூபன் மூச்சு வாங்க என்னிடம் வந்தான். "மாமா, யூட்டை அனுப்புங்கோ. நான் எங்கை ஓடப்போறன் எண்டு எனக்கு முன்னம் அவனுக்குத் தெரியுது, ஜூரோ!" ஜூரோ என்றால் சத்தியம். என் மருமகன் என்ற பெருமை அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாக வந்தது.

நீ யூட்டைக் கூப்பிட்டாய். "ஏன்டா ஓடேல்லை?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "வயிறு முட்டிப்போச்சு அங்கிள். ஓடினாச் சத்தி வரும். அதான் பந்து எங்கை வரும் எண்டு பாத்து, முதலே போய் நிண்டனான்."

"முந்தியும் இப்பிடித்தான் பாக்கிறனியோ?"

"ஓம். ஆனா நீங்கள் கரையிலை நில் எண்டு சொன்னனீங்கள்."

மச்சான், நீ அப்படியே புழுதியில் குந்திவிட்டாய். நீ அழுகிறாயோ என்று நான் பயந்தேன். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். "ரெண்டு வருசமடா! ரெண்டு வருசமா எங்களுக்கு முன்னாலை நிண்டிருக்கிறான்! நீயும் குருடன், நானும் குருடன்!" என்று என் காலைப் பிடித்து இழுத்து என்னையும் விழுத்தினாய். பொடியன்கள் எல்லாம் எங்கள் மேல் வந்து விழுந்தார்கள்.

ஞாயிறு பகேரியாவில் மிஸ்டரிடம் நீ ஒன்றையும் மறைக்கவில்லை. சோற்றையும் சொன்னாய், வியாழக்கிழமைச் சோதனையையும் சொன்னாய். உன் அரைகுறை இத்தாலியனில் ஆட்டிறைச்சிக் கறி படும் பாட்டைக் கேட்டு மனிசன் கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு யூட்டை நடுவில் விட்டு ஆடச் சொன்னார். கொஞ்ச நேரம் பார்த்தார், போதும் என்று கை காட்டி, அவனுக்குச் சட்டை எடுத்துவரச் சொன்னார். யூட்டின் தாய் அந்தச் சட்டையைக் கையில் வாங்கி, முகத்தில் ஒற்றிக்கொண்டு நின்றா.

யூட் பேப்பரில் படம் வருகிற ஆட்டக்காரனாக வரவில்லை. சிசிலியின் சின்ன ஊர் அணிகளில் வருடக்கணக்காக ஆடினான், ஆசை தீர ஆடினான். கோப்பை கழுவப் போகவில்லை. உன் இறுதிச் சடங்கு நாளில் அவனும் ரூபனும் அன்ரனும் கோயில் வாசலில் ஒன்றாக நின்று உன்னைப் பற்றிக் கதைத்துச் சிரித்தார்கள். செத்தவீட்டில் சிரிக்கிறார்கள் என்று சில பேர் முகம் சுளித்தார்கள். உனக்கு அது பிடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நானும் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். தங்கள் கணிப்புச் சரிவந்தால் துள்ளுகிறவர்கள்தான் எல்லாரும். தன் கணிப்புப் பிழைத்ததற்காக அப்படித் துள்ளிய ஒருவனை உன்னைத் தவிர நான் கண்டதில்லை. இப்போதும் கோடைகாலச் சுற்றுப்போட்டிக்கு ஆள் எடுக்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நானும் பழையபடி காலைப் பார்த்து, இவன் வருவான், அவன் வரமாட்டான் என்று அடித்துச் சொல்லுகிறேன். சொல்லிவிட்டு, நான் வரமாட்டான் என்று சொன்னவனைத்தான் ஆட்டம் முடியும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிறேன், வாடா, வந்து என்னைப் பொய்யாக்கு என்று.