நாலு மணிக்கு வரும் பிள்ளை

அன்பு மகள் ரோவெனாவுக்கு,

இங்கே கடவுள் புண்ணியத்தில் என் உடம்புக்கு ஒன்றுமில்லை, அந்தக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது. அப்பா சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. இஞ்சிக் கஞ்சி குடித்த அரை மணியில் பக்கத்து வீட்டு நெனிட்டாவிடம் போய்ச் சாப்பாடு கேட்கிறார், அவளும் ஏன்க்கா, மனுசனைப் பட்டினியா போடுறீங்க என்று கேலி பேசுகிறாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

போன வருஷம் அவர் எம் பொண்ணு எங்கே என்று கேட்டபோதெல்லாம், அவ இங்கிலாந்துல நர்ஸு, நாப்பது வயசாச்சு, உனக்கு மூளை கெட்டுப்போச்சா என்று கத்துவேன். அழுவார். நீதான் போனில் சொன்னாய், மறுத்துப் பேசாதேம்மா, எங்க வார்டுல பெரியவங்க எந்தக் காலத்துல இருக்காங்களோ நாங்களும் அங்கேயே போயிடுவோம் என்று. பதினாறு வருஷமாக மறதி வந்தவர்களைப் பார்க்கிறவள் சொல்கிறாள் என்று நானும் அப்படியே செய்தேன். அவ ஸ்கூலுக்குப் போயிருக்கா, நாலு மணிக்கு வந்துடுவா என்றேன். அழுகை நின்றது. இப்போது தினமும் மூன்றரைக்கே சட்டை மாற்றிக்கொண்டு கேட்டருகில் நிற்கிறார். நீலப் பாவாடை போட்ட எந்தப் பிள்ளை போனாலும் கையை நீட்டுகிறார், நீ வந்ததும் வராததுமாக நம்மூர் வழக்கப்படி ஆசிக்கு அந்தக் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்வாயே, அதற்காக. சில பிள்ளைகள் மரியாதைக்கு ஒற்றிவிட்டுப் போகின்றன. குனிந்து முகத்தைப் பார்த்துவிட்டு, இவ இல்ல என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நீ வேலை உடுப்போடு வீடியோவில் வந்தபோது, சிஸ்டர், எம் பொண்ணு இன்னும் வரலை, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க என்றார். நீயும் குரல் மாறாமல், வந்துடுவா ஐயா, நீங்க உக்காருங்க என்றாய். உடனே போன் கட்டாகிவிட்டது. சிக்னல் இல்லை என்று செய்தி அனுப்பினாய். நான் உன்னைப் பெற்றவளடி, எனக்குத் தெரியாதா? உன்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. அங்கே யார் யாருக்கோ தலைவாரி விடுகிறாய், அவர்கள் உன்னை மகளே என்கிறார்களாம், எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நர்ஸுக்குப் படி, வெளிநாடு போ என்று உன்னை அனுப்பியதே நாங்கள்தான், யாரைத் திட்டுவேன்?

டிசம்பரில் வருகிறேன் என்கிறாய். வா. ஆனால் அப்பா என்று ஓடி வராதே. போன மாதம் உன் சித்தி மகள் விளையாட்டாக, நாந்தான் ரோவெனா என்று சொன்னதற்கு, யாருடி நீ, எம் புள்ளைய என்ன பண்ணினே என்று செருப்பைத் தூக்கிவிட்டார். அதனால் அந்த நர்ஸ் உடுப்பைப் பெட்டியில் மேலாக வைத்துக்கொள், நெனிட்டா வீட்டில் மாற்றிக்கொண்டு வா. சிஸ்டர் என்றால் உள்ளே விடுவார், நாடி பார்க்கக் கையும் கொடுப்பார். அந்தச் சாக்கில் நெற்றியில் ஒற்றிக்கொள்.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும், காலுக்குக் கனமான உறை போடு, வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே. காலையில் வா, மதியம் வா, நாலு மணிக்கு மட்டும் வந்துவிடாதே. அப்போது அவர் மகளுக்காகக் காத்திருப்பார்.

உன் அம்மா,
எர்லிண்டா