காய்ச்சலிலும் பிடிப்பாயா?

தருமபுரம், காரைக்கால்
9.7.1984

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. நம் பிள்ளை பாலகுரு சிகரெட் பிடிக்கிறான். அரசலாற்றங்கரையில் கூட்டாளிகளோடு நின்றதைச் சலோமி டீச்சர் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். கேட்டால், "ஆமாம்மா" என்கிறான். மறைக்கக்கூட இல்லை. பதினாறு வயசுப் பிள்ளையை அடிப்பதா, அழுவதா? மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ஊரார் பிள்ளைகளை வைத்து இதைத்தானே ஆராய்ச்சி செய்கிறீர்கள்? ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள்.

தங்கள்
அல்லி

சென்னை
14.7.1984

அன்புள்ள அல்லிக்கு,

பதறாதே. அடிக்காதே. இந்த வயசுப் பையன்கள் நிக்கோட்டினுக்கு எவ்வளவு தூரம் அடிமை என்று அளக்க எங்களிடம் கேள்வித்தாள் இருக்கிறது. ஒன்று இணைத்திருக்கிறேன். எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட், ஒரு நாளைக்கு எத்தனை, காய்ச்சலில் படுத்திருந்தாலும் பிடிப்பானா, எல்லாம் கேட்டு எழுது. முகத்தைச் சுளிக்காமல் கேள், சுளித்தால் பொய் சொல்வான். எனக்கு இப்போது லீவு கிடையாது.

அன்புடன்
இளையபெருமாள்

தருமபுரம்
21.7.1984

அன்புள்ள அத்தானுக்கு,

பிள்ளை கெட்டுப்போகிறான் என்று எழுதினால் கேள்வித்தாள் அனுப்புகிற தகப்பனை நான் பார்த்ததில்லை. ஆனாலும் கேட்டேன். சுளிக்காமல் வைத்திருந்ததில் முகமே வலித்தது.

"எழுந்ததும் பிடிப்பியா?"

"வீட்டுல நீ இருக்கியேம்மா, எப்படிப் பிடிக்கிறது? ஸ்கூலுக்குப் போற வழியிலதான்."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"நாலு பேரும் ஒண்ணையே மாத்தி மாத்தி இழுப்போம்."

கால் சிகரெட்டை எந்தக் கட்டத்தில் போடுவது? காய்ச்சலைக் கேட்டதற்குச் சிரித்துவிட்டான். "போன மாசம் காய்ச்சல்ல கெடந்தப்ப நீ பக்கத்தவிட்டு நகரவே இல்லையே!"

தாளை அனுப்பியிருக்கிறேன். நீங்களே பாருங்கள்.

அல்லி

சென்னை
26.7.1984

அன்புள்ள அல்லிக்கு,

பதில்களுக்கு மார்க் போட்டுக் கூட்டிப் பார்த்துவிட்டேன். அடிமைத்தனம் குறைவுதான், பயப்படாதே. ரெண்டு நாள் தொடாமல் இருக்கச் சொல், தானாக விட்டுப்போகும்.

கால் சிகரெட் விஷயம் எங்களுக்கு மிகவும் உபயோகம். மற்ற மூன்று பையன்களிடமும் கேட்டு அனுப்ப முடியுமா? தாள்கள் இணைத்திருக்கிறேன்.

இளையபெருமாள்

தருமபுரம்
5.8.1984

அத்தானுக்கு,

ரெண்டு நாள் தொடாமல் இருந்தான். நான் கட்டாயப்படுத்தவில்லை, அவனே இருந்து பார்க்கிறேன் என்றான். முதல் நாள் பரவாயில்லை. மறுநாள் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. புத்தகத்தைத் திறக்கிறான், மூடுகிறான். சாம்பாரில் உப்பில்லை என்று தட்டைத் தூக்கி எறிந்தான். அப்புறம் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "விடணும்னுதாம்மா பாக்குறேன், முடியலம்மா" என்று அழுதான். சாயங்காலம் ஆற்றங்கரைக்குப் போய்விட்டு வந்தான். வாடை வந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதுதான் உங்கள் குறைவா? நான் காவல் இருப்பதால் காலையில் பிடிக்கவில்லை. கையில் காசில்லாததால் பங்கு போடுகிறான். அதைக் கூட்டி மார்க் போட்டால் குறைவாகத்தான் வரும்.

அந்த மூன்று பையன்களிடமும் நான் கேட்கமாட்டேன். தாள்கள் பரண்மேல் கிடக்கின்றன.

நீங்கள் லீவு போட வேண்டாம். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் நாங்கள் கிளம்புகிறோம். வெள்ளிக்கிழமை உங்கள் ஆஸ்பத்திரியில் மற்றப் பையன்களோடு வரிசையில் உட்காருவோம். எங்கள் முறை வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனோடு பேசுங்கள்.

சண்டை போடத்தான் வருகிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை. அப்பாவைப் பார்க்கப் போகிறோம் என்றேன். இன்னும் நாலு நாள் இருக்கிறது, இப்போதே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறான்.

அல்லி